சின்ன ஆலைதான் சிரமம்

அனைவருக்கும் வணக்கம். பேச்சு கழிவுநீரையும் அதைச் சுத்திகரிக்கும் சின்ன ஆலைகளையும் பற்றியது. சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச வைத்தது ஏற்பாட்டாளர்களின் துணிச்சல்தான்.

சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்து ஆண்டுகளில் சுத்தப்படுத்த வேண்டும் என்று லீ குவான் இயூ 1977ல் சொன்னார். 1987ல் வேலை முடிந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, தெருவோர உணவுக்கடை, சரக்குப் படகு எல்லாம் இடம் மாறின. வாளிக் கழிவறையும் அதே ஆண்டில்தான் ஒழிந்தது.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நாம் அதிகம் பேசாதது தரைக்குக் கீழே இருக்கிறது. இங்கே மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. தேக்கா பக்கத்து மழைநீர் ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்துக்குப் போய்க் குடிநீராகிறது. கழிவுநீரோ கிராஞ்சியிலிருந்து சாங்கி சுத்திகரிப்பு ஆலை வரை 48 கிலோமீட்டர் ஓடும் ஆழ்சுரங்கத்தில் இறங்கிவிடுகிறது. அது வந்த பிறகு கிம் சுவான், பிடோக், சிலேத்தாரில் இருந்த பழைய சுத்திகரிப்பு ஆலைகளை மூடிவிட்டார்கள்.

சரி, அப்படியிருக்க சின்ன ஆலையைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும்? உங்களில் பலர் சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறீர்கள். பெரிய குடியிருப்பு என்றால் அடித்தளத்தில் எங்காவது ஓர் எஸ்டிபி, அதாவது சின்னக் கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலை இருக்கும். இருக்கிறதா என்று கேட்டால் பில்டர் ஆமாம் என்பார். ஓடுகிறதா என்று கேளுங்கள்.

அந்த ஆலையின் தொட்டியில் வேலை செய்வது நுண்ணுயிர்கள். ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அவை கழிவைத் தின்னும். புது ஆலையைத் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வேறோர் ஆலையிலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றுவார்கள், தயிருக்கு உறை ஊற்றுவது போல. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ப்ளோயரை அணைத்தால் உயிர்கள் மூச்சுத் திணறும். அமோனியாவைச் சிதைப்பவை ரொம்ப மெதுவாகப் பெருகும் ஜாதி. ஒருமுறை போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும்.

அளவு சிறியது என்பதே ஒரு தொல்லை. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குளியல், துணி துவைப்பு. வெள்ளம் போல வருவதைச் சமன்படுத்தும் தொட்டி போதாவிட்டால், படியாத சேறு அப்படியே வெளியே அடித்துக்கொண்டு போகும். ஒரு வீட்டில் கழிவறை அமிலத்தை பாட்டில் பாட்டிலாகக் கொட்டினால் சாங்கி ஆலைக்குத் தெரியவே தெரியாது. நூறு வீட்டு ஆலைக்கு அது இடி.

அப்புறம் ஆறு. வீட்டுக் கழிவுநீரின் பிஓடி, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 200 மில்லிகிராமைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சிங்கப்பூரில் நீர்நிலையில் விட 50தான் உச்சவரம்பு. குடிநீர்த் தேக்கத்துக்குப் போகும் ஓடையென்றால் 20. பாதி சுத்தமான தண்ணீர் ஆற்றுக்குப் போனால், மிச்சக் கழிவை ஆற்றின் நுண்ணுயிர்கள் தின்னும். அதற்கு ஆகும் ஆக்சிஜன் மீன்களின் பங்கு. கோடையில் அடையாறு, கூவத்தில் சொந்த நீரோட்டம் எவ்வளவு இருக்கிறது? நாம் விடுவதுதான் அப்போது ஆறு.

இயந்திரத்தின் விலையை விசாரிக்கும் அளவுக்கு, அதைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தை யாரும் விசாரிப்பதில்லை. என் கணக்கில் சின்ன ஆலைகள் கெடுவது அங்கேதான். பல இடங்களில் வாட்ச்மேன் அண்ணனே ஆபரேட்டர். கேட்டையும் பார்க்க வேண்டும், ப்ளோயரையும் பார்க்க வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சங்கச் செயலாளரிடம் மூன்று தாள் கேளுங்கள்: ப்ளோயர் ஓடிய மணிக்கணக்கு, கடைசி ஆய்வக அறிக்கை, சேறு எடுத்துப் போன லாரியின் ரசீது. ரசீதில் லாரி எங்கே கொட்டியது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள், பிரியாணி வருகிறது.