மழையில் ஒழுகும் சன்ரூஃப், பாதியில் இறங்கும் கண்ணாடி, இரவில் தெரியாத ரோடு: பழைய எண்டெவர்காரருக்குப் பதில்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். அதை மட்டும் விரிவாகப் பார்த்துவிடலாம். கோவையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2017-ஆம் வருட ஃபோர்டு எண்டெவர், டைட்டானியம் மாடல், பெரிய பனோரமிக் சன்ரூஃப் (கூரையில் திறக்கும் அகலமான கண்ணாடி) உள்ள வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் சொல்வது இதுதான்: மழை பெய்தால் இடது பக்க முன் சீட்டில் கால் வைக்கும் இடம் நனைந்துவிடுகிறது. உள்ளே மேல் விளக்கு இருக்கும் இடத்திலும் சொட்டுகிறது. பின் கதவுக் கண்ணாடி ஒன்று மெதுவாக ஏறி, பாதியில் தானாகத் திரும்ப இறங்குகிறது. இரவில் எதிரே லாரி வந்தால் ரோடே தெரிவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "சன்ரூஃப் செட்டையே மாற்றணும், இல்லைன்னா சிலிகான் போட்டு நிரந்தரமா அடைச்சிடலாம்" என்றார்களாம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

சார், அந்த சிலிகான் வேலைக்கு மட்டும் தயவு செய்து சம்மதிக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் இருக்கிறதே, அதுதான் தண்ணீரை முழுக்கத் தடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. ரப்பர் பெரும்பகுதி தண்ணீரை வெளியே தள்ளும். மிச்சம் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். அது வரும் என்று தெரிந்தேதான் வண்டியை வடிவமைக்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் சுற்றிலும் ஒரு வாய்க்கால் மாதிரி தட்டு இருக்கும். அதன் மூலைகளில் ஓட்டை, ஓட்டையிலிருந்து விரல் நுழையாத அளவு ஒல்லியான குழாய். முன்னால் இருக்கும் குழாய்கள் முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூண் வழியாக இறங்கி, முன் கதவுக் கீல் பக்கமோ முன் சக்கரத்துக்குப் பின்னாலோ வெளியே வரும். பின் குழாய்கள் பின்பக்கத் தூண் வழியாக இறங்கி பம்பர் பக்கம் வரும். இந்தக் குழாய் அடைத்தால் தட்டு நிரம்பும். நிரம்பினால் வழியும். வழிகிற தண்ணீர் கூரைத் துணிக்கு மேலே ஓடி, எங்கே துளை கிடைக்கிறதோ அங்கே சொட்டும். பெரும்பாலும் அது மேல் விளக்கு இருக்கும் இடம்தான். வண்டியை மழையில் நிறுத்திவிட்டு, பிறகு எடுத்துக் கொஞ்ச தூரம் போய் பிரேக் போட்டதும் விளக்குப் பக்கமிருந்து சளக்கென்று தண்ணீர் விழுகிறதா? அப்படியானால் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

இப்போது இதற்கு மேல் சிலிகான் போட்டால் என்ன ஆகும்? அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கும். கண்ணாடியைத் திறந்து தட்டைச் சுத்தம் செய்யவும் முடியாது. சிலிகான் ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தாலும் மறுபடி ஒழுகும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கும்போது பெயின்டும் போகும், நல்ல ரப்பரும் போகும். தெரியாமல் யாராவது சுவிட்சை அழுத்தினால் மோட்டாரும் போகும்.

நம் ஊரில் இந்தக் குழாய் எதனால் அடைக்கிறது தெரியுமா? வெயிலுக்குப் பயந்து மர நிழலில் நிறுத்துகிறோம். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவும் புங்கம்பூவும் கொட்டும். அது சன்ரூஃப் இடுக்கில் இறங்கி, தூசியோடும் பழைய கிரீஸோடும் சேர்ந்து களியாகி மூலை ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். கோடை முழுக்க ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழை பிடித்ததும்தான் கால் மிதியடி நனையும்.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன், நீங்களே வீட்டில் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சன்ரூஃபை முழுக்கத் திறங்கள். முன் மூலையில் அந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியும். ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். சில நொடிகளில் கீழே தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அந்தக் குழாய் நல்ல குழாய். ஓட்டையிலேயே தேங்கி நின்றால் அடைப்பு. மேலே வேகமாக இறங்குகிறது, ஆனால் வெளியே வராமல் உள்ளே கார்ப்பெட் நனைகிறது என்றால் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. நான்கு மூலையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடைப்பு எடுக்க, புல் வெட்டும் மிஷினில் போடுகிற நைலான் நரம்பு இருக்கிறதே, அதுதான் சரியான பொருள். நுனியை லைட்டரில் லேசாகக் காட்டி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து மெதுவாகத் திருகித் திருகி இறக்குங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் குத்திவிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்து முழு வேகத்தில் காற்று அடிப்பதும் வேண்டாம். தட்டோடு குழாய் சேரும் இடத்தில் வெறுமனே செருகித்தான் வைத்திருப்பார்கள். அந்தக் காற்று அழுத்தத்தில் குழாய் கழன்றால், அதைத் திரும்ப மாட்டுவதற்குக் கூரைத் துணியையே இறக்க வேண்டியிருக்கும். அப்புறம், குழாய் வெளியே வரும் முனையில் சில வண்டிகளில் வாத்து மூக்கு மாதிரி ரப்பர் வாய் இருக்கும். அதில் சேறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் பிதுக்கிவிட்டாலே போதும், கறுப்பாகத் தண்ணீர் கொட்டும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இடது பக்கக் கால் வைக்கும் இடம் நனைகிறது என்றாலே சன்ரூஃப் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதால் ஏசியின் காற்றை ஊதும் புளோயர் பெரும்பாலும் இடது பக்கம்தான் இருக்கும். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு நனைந்திருந்தால் அது ஏசி தண்ணீர். வண்டி நிற்கும் இடத்தில் கீழே வழக்கமாகச் சொட்டும் தண்ணீரும் காணாமல் போயிருக்கும். மழை நாளில் மட்டும் நனைந்தால் மேலிருந்து வருகிறது. அதிலும் முன் கண்ணாடியை எப்போதாவது மாற்றியிருந்தால், ஒட்டிய பசை சரியாகப் பிடிக்காமல் அதன் மேல் மூலையிலிருந்து ஒழுகவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் இதைப் பழைய ஓனரிடம் கேட்டுவிடுங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இலை மக்கிக் கிடந்தாலும் தண்ணீர் புளோயர் வழியாக உள்ளே வரும். உங்கள் வண்டியில் விளக்குப் பக்கமும் சொட்டுகிறது என்கிறீர்கள், அதனால் என் சந்தேகம் முதலில் முன் இடது மூலைக் குழாய் மேல்தான்.

ஒழுகலை நிறுத்திய பிறகும் வேலை முடியவில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அடியில் கையை விட்டு அழுத்தினால் தண்ணீர் பிழியும். அதைத் தூக்கி முழுக்க உலர்த்தியே ஆக வேண்டும். பல வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே ஓரத்தில்தான் ஃபியூஸ் பாக்ஸும் கன்ட்ரோல் யூனிட்டும் இருக்கின்றன. அந்தக் கனெக்டர்களில் பச்சை பூத்தால் கண்ணாடி, விளக்கு, லாக் எல்லாம் காரணமே இல்லாமல் கோளாறு செய்யும். அதோடு, ஈரமான கார்ப்பெட் இருக்கும் வண்டியில் மழை இரவில் முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொண்டே இருக்கும். ஆக, நீங்கள் சொன்ன மூன்று தொல்லையில் இரண்டு இந்த ஈரத்தோடு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். அதனால்தான் முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்கிறேன்.

சரி, பின் கதவுக் கண்ணாடி விஷயம். பாதியில் ஏறித் திரும்ப இறங்குவது பல நேரங்களில் மோட்டார் கெட்டதால் இல்லை. ஏறும்போது கை, விரல் மாட்டினால் நசுங்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு எதிர்ப்பு அதிகமானால் நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிடும். நாள்பட்ட வண்டியில் கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல் காய்ந்து, உள்ளே மண் சேர்ந்து கண்ணாடியைப் பிடிக்கும். குழந்தைகள் உட்காரும் பின் கதவு என்றால் இந்தப் பாதுகாப்பைத் துண்டித்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியின் இரு பக்கமும் வைத்து, சுவிட்சை அழுத்தும்போது மேலே தள்ளி உதவி செய்து பாருங்கள். நன்றாக ஏறினால் பெரும்பாலும் சேனல்தான் காரணம். பிளாஸ்டிக் ஸ்கேலில் மெல்லிய ஈரத் துணியைச் சுற்றி, சேனலுக்குள் மேலும் கீழும் ஓட்டித் துடையுங்கள். துணியில் வரும் மண்ணைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். நன்றாகக் காய்ந்ததும் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். இது நான் முதலில் வேண்டாம் என்ற சிலிகான் பசை இல்லை, உலர்ந்து வழுக்கும் ஸ்பிரே. எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். ரப்பர் உப்பிப்போகும், மண்ணும் ஒட்டும். பிறகு கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை விடாமல் சில நொடி பிடியுங்கள். முழுக்க இறக்கியும் அதே போல. பேட்டரி கழற்றிய பிறகு ஒரே தொடலில் ஏறுவது நின்றுபோனாலும் இதுதான் வழி. சரியான முறை வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், கையேட்டில் போட்டிருக்கும்.

கதவுக்குள் டக் டக் என்று சத்தம் வந்து கண்ணாடி சாய்ந்தால், அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிளோ பிளாஸ்டிக் பிடியோ போயிருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும். கதவைத் திறந்து வைத்தால் வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை என்றால், கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உறைக்குள் வயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும். மெக்கானிக் கதவின் உள்பக்க மூடியை (டிரிம்) கழற்றினால் பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடினால், கண்ணாடி இடுக்கில் இறங்கும் மழைத் தண்ணீர் கதவின் அடி ஓட்டை வழியாக வெளியே போகாமல் வண்டிக்குள் வரும். ஒரு ஒழுகலைச் சரி செய்து இன்னொன்றை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும்.

இப்போது இரவுப் பார்வை. கேள்வியில் இதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். சுமார் 4.9 மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்கு மேல் எடை உள்ள வண்டி. அதில் ஓட்டுபவருக்கு ரோடு தெரியாவிட்டால் ஓரமாகச் சைக்கிளில் வருகிறவருக்குத்தான் ஆபத்து. மற்ற வேலை முடியும் வரை இரவுப் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும்போது வண்டியை அதற்கு நேராக நிறுத்தி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன் கண்ணாடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் அது உள்பக்கத்து அழுக்கு. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகி விடும் ஆவியும், வாட்டர் வாஷில் பளபளப்புக்காகத் தடவும் பாலிஷும் சேர்ந்து படிவது அது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். வில் வடிவத்தில் கோடுகள் தெரிந்தால் வைப்பர் ரப்பர் செய்த வேலை. நம் வெயிலில் வைப்பர் ரப்பர் ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். நட்சத்திரம் போலப் பொடிப் பொடிப் புள்ளிகள் கண்ணாடி முழுக்க மின்னினால், ஹைவேயில் லாரிகளுக்குப் பின்னால் ஓடியபோது மணலும் கல்லும் அடித்த குழிகள் அவை. எதிர் வெளிச்சத்தைச் சிதறடிப்பது இந்தக் குழிகள்தான். இதற்கு பாலிஷ் கிடையாது, கண்ணாடியை மாற்ற வேண்டும். மாற்றும்போது லேமினேட்டட் கண்ணாடிதானா (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) என்று பார்த்து வாங்குங்கள், மழை சென்சாரைச் சரியாக ஒட்டுகிறார்களா என்று பாருங்கள், பசை காயும் வரை அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

ஹெட்லைட் மஞ்சளாகியிருந்தால் அதிக வாட் பல்பு போட்டுப் பயன் இல்லை. மங்கிய பிளாஸ்டிக்கில் அந்த வெளிச்சமும் சிதறி எதிரே வருபவர் கண்ணைத்தான் கூச வைக்கும். நீர்த்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து மெருகேற்றி, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். பூச்சு இல்லாமல் வெறும் பாலிஷ் என்றால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்தான். பழைய ஓனர் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீதமும் வர வேண்டும். மழையில் முன் கண்ணாடி உள்ளே ஆவியால் மூடிக்கொண்டால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிப்பக்கம் மூடினால் அது வேறு. கண்ணாடி ரொம்பக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரை ஒரு தட்டுத் தட்டி, ஏசி குளிரைக் குறைத்தால் போதும்.

கடைசியாக, உதிரிப் பொருள். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததிலிருந்து, மறைமலை நகரில் செய்த இந்த வண்டிக்கு சாமான் கிடைக்குமா என்ற பயத்தில் பலர் முழு செட்டாக வாங்கிப் போடுகிறார்கள். முதலில் டம்ளர் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள். அடைப்பு என்றால் ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை. அதன் பிறகும் ரெகுலேட்டரோ ரப்பரோ தேவைப்பட்டால் எந்தக் கதவு, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு, சாஸி நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் பார்த்து ஆர்டர் செய்யுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நின்றது என்று கீழே எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.