கையெழுத்துப் போடும் முன்

வணக்கம். நியூயார்க்கில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று மட்டும் விசாரிப்பதில்லை. எனக்கு இது தீராத மனக்குறை. அந்த விவரத்தை நகர நிர்வாகமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறதே!

நகர வீட்டுவசதித் துறையின் தளத்தில் கட்டட முகவரியைக் கொடுத்தால் போதும். புகார்கள் தனியாகவும் விதிமீறல்கள் தனியாகவும் வரும். குடியிருப்பவர் நகரத்தின் புகார் தொலைபேசி எண்ணான 311-ஐ அழைத்துச் சொன்னது புகார். ஆய்வாளர் நேரில் கண்டு எழுதியது விதிமீறல். அதிலும் ஏ, பி, சி என்று வகை உண்டு. ஏ வகையைச் சரிசெய்ய 90 நாள், பி வகைக்கு 30 நாள். சி வகை உடனடி ஆபத்து. குளிரில் வெப்பம் இல்லாதது இதில் சேரும்.

எண்ணிக்கையைவிடத் தேதிகள்தான் முக்கியம். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். இரவில் 62. 'வெப்பம் இல்லை' என்ற ஒரே வரி, வெவ்வேறு மாடிகளிலிருந்து, ஒவ்வொரு ஜனவரியிலும் பதிவாகியிருந்தால் நான் அந்த வீட்டை எடுக்கமாட்டேன். அதே நேரம், வீட்டுக்காரர் பழுதைச் சரிசெய்துவிட்டு, சரிசெய்ததற்கான சான்றைத் தாக்கல் செய்யாமல் விட்டாலும் விதிமீறல் நிலுவையில்தான் நிற்கும். ஆகவே மாடிப்படியில் எதிர்ப்படுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புகாரே இல்லையென்றாலும் கேளுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் திறக்காதவர்கள் இந்த நகரத்தில் ஏராளம்.

உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் பொறுப்பாளரின் பெயர் கிடைக்கும். அதை வைத்து அவருடைய மற்றக் கட்டடங்களையும் தேடிப் பாருங்கள்.

அடித்தள வீடு என்றால் நகரக் கட்டடத் துறையின் இணையதளத்துக்கும் போக வேண்டும். அடித்தளத்தில் ஆள் குடியிருக்கலாம் என்று குடியிருப்புச் சான்றிதழ் சொல்கிறதா என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் இந்த நகரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அடித்தள வீடுகளில் இருந்தவர்கள். வாடகை மலிவு என்று தரகர் எவ்வளவு சொன்னாலும், முதலில் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். முன்பணப் பேச்சு பிறகு.