மாத்திரை தீர்ந்த நாள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். பந்தலூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடங்கள் டாக்டராக இருந்தவள் நான். முன்கூட்டியே கவனித்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவே தேவையில்லாமல் போயிருக்கும் நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் அம்மாவின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆடி மழை. தேவாலாவில் அந்த மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு 108 வண்டியில் ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், ஐம்பது வயது தாண்டியவர். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறார். பிரஷர் எகிறியிருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, அதே வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தார்.

வந்த பிறகு அவரோடு உட்கார்ந்து, அந்த ராத்திரியிலிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்க் கேட்டேன். பிரஷர் மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்களிடம் மாத்திரை இலவசம்தான். ஆனால் கொடுப்பது வாரத்தில் ஒரு நாள், அதுவும் வேலை நாள். வந்தால் அன்றைய கூலி போச்சு. முதல் வாரம் பேத்திக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டியிருந்ததால் கூலியை விட மனசு வரவில்லை. அடுத்த வாரம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. மூன்றாவது வாரம், "உடம்பு நல்லாத்தானே இருக்கு டாக்டரம்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

நல்லா இல்லை. பத்து நாளாகவே கால் வீங்கியிருந்தது. தலையணை இரண்டு வைத்தால்தான் தூக்கம். ஏற்றம் ஏறி இறங்குகிற களைப்பு என்று நினைத்துக்கொண்டார். இதயம் தளர்ந்து உடம்பில் நீர் தேங்கும்போது முதலில் தெரிகிற அடையாளங்கள் இவைதான். அந்தப் பத்து நாளில் நர்ஸம்மா ஒரு தடவை அவர் காலை அழுத்திப் பார்த்திருந்தால், 108 வண்டி அந்த மழையில் கிளம்பியிருக்காது.

அவரை நான் திட்டவில்லை. மாத்திரை நாளை வேலை நாளில் வைத்தது நாங்கள்.

இந்த மாதிரி அட்மிஷன்களைத் தனியாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் மருத்துவ உலகில் இருக்கிறது. ஜான் பில்லிங்ஸ் என்ற சுகாதார ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் நியூயார்க் நகரத்தில் இப்படி எண்ணி 1993-இல் எழுதினார்கள். ஆஸ்துமா, சர்க்கரை, இதயத் தளர்ச்சி போன்றவற்றுக்காகப் படுக்கையில் சேர்ந்தவர்கள் ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்துதான் மிக அதிகம். பக்கத்தில் இருக்கும் சின்ன சிகிச்சை கைக்கு எட்டாதபோது, தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி நிறைகிறது. நம் மலையிலும் அதேதான். ஐந்தாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது சமவெளிக் கணக்கு, மலைக்கு மூவாயிரம். சரி, நல்ல கணக்குதான். ஆனால் அந்த மூவாயிரம் பேர் எத்தனை மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள்!

ஆஸ்துமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குளிரும் அடுப்புப் புகையும் சேர்ந்த வீட்டில் இழுப்பு வந்தால், ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் மெஷினில் மருந்துப் புகை பிடித்துவிட்டு வருவார்கள். இழுப்பு அடங்கிவிடும், அடுத்த மாதம் மறுபடியும் அதே ஓட்டம். தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலரைக் கொடுத்தால், "அது பழக்கமாகிடுமாமே" என்று பயந்து பெட்டியில் வைத்துவிடுவார்கள். பழக்கமாகாது. மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைப்பது அந்தத் தினசரி மருந்துதான். நன்றாக இருக்கிற நாளிலும் இழுத்தால்தான் பலன். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள், போதும்.

அப்புறம் அட்டைக்கடி. சாதாரண ஆளுக்கு அது ஒன்றுமில்லை. சுகர் உள்ளவருக்குக் கால் மரத்திருந்தால், கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகி, கால் சிவந்து வீங்கிய பிறகுதான் தெரியும். வேலை முடிந்து பூட்ஸைக் கழற்றியதும் விரலிடுக்கைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி, மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

2025-இல் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். மலை மக்களின் நெடுநாள் ஏக்கம் அது, எனக்கும் பெரிய சந்தோஷம். ஆனால் அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது படுக்கை இல்லை, ஒரு மாத்திரை அட்டை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மலைக்கு இதைவிடப் பொருத்தமான திட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், எல்லோரும் மேலே தோட்டத்தில் இருப்பார்கள். இலை எடை போடுகிற இடத்துக்கே, எடை போடுகிற நேரத்தில் மாத்திரைப் பையோடு போக வேண்டும். எங்கள் பக்கத்தில் சில மாதங்கள் அப்படிச் செய்து பார்த்தோம். வராமல் இருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், அந்த அம்மாவும் நின்றார். தோட்ட நிர்வாகங்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும், கூலியைப் பிடிக்காமல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் உங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் காட்டுங்கள். எந்த மாத்திரை புதுசு, எதை நிறுத்தினார்கள் என்று அவர் பார்த்துச் சொல்வார்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் பெரியவர்களின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்கள். ஏழு நாளைக்கும் குறைவாக இருந்தால், நாளைக்கு யார் போய் வாங்கி வருவது என்று தூங்குவதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். வணக்கம்.