விலை காப்பாற்றப்பட்டது, சம்பளம் வெட்டப்பட்டது: 1930களின் மந்தமும் மலையகமும்

[திரையில்: 54 + 43 + 32 = 129 சதம்]

வணக்கம். 1929 ஜனவரியில் இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆணுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச நாட்கூலி 54 சதம் என்று சட்டப்படி முடிவானது. பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. அப்பா, அம்மா, ஒரு பிள்ளை என்று மூன்று பேரும் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மூன்று பேருக்கும் பேர் (ஒரு நாள் வேலைக்கணக்கு) விழுந்தால், அன்றைக்கு வீட்டுக்கு 1 ரூபாய் 29 சதம். தோட்டத்தில் வாங்கிய அரிசிக்கு அதிலேயே பிடித்துக்கொள்வார்கள். மிச்சம்தான் கைக்கு வரும்.

அந்தச் சின்னத் தொகையும் சும்மா கிடைத்ததில்லை. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு என்ன சம்பளம் என்று இந்திய அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. கண்டியில் அதன் ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்து தோட்டங்களைக் கவனித்தார். இந்த நெருக்குதலால்தான் 1927இல் குறைந்தபட்ச கூலிச் சட்டம் வந்தது. சட்டத்தின் சாரம் இதுதான்: இதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது.

அதே 1929இல், ஒக்டோபர் மாதம், நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. அந்தச் சரிவிலிருந்து உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் பரவியது. ஏற்கெனவே தேவைக்கு மேல் தேயிலை சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. வாங்குகிறவன் கையிலும் காசு இல்லாமல் போனதும் லண்டன் ஏலத்தில் விலை விழுந்தது. தோட்டங்களை நடத்திய துரைமாரின் சங்கம் அரசாங்கத்திடம் போனது. கேட்டது முதலில் சம்பளக் குறைப்பைத்தான்.

கிடைத்தது. 1930களின் தொடக்கத்தில் குறைந்தபட்ச கூலி ஒரு முறை அல்ல, அடுத்தடுத்து வெட்டப்பட்டது. சட்டத்தை யாரும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். "இதற்குக் கீழே போகக் கூடாது" என்று வைத்த எல்லையையே சட்டப்படி கீழே இறக்கினார்கள். தோட்டத்து அரிசி விலையையும் சேர்த்துக் குறைத்ததால் தொழிலாளிக்குப் பெரிய நட்டமில்லை என்பது வாதம். அரிசி மட்டும்தானா ஒரு குடும்பத்தின் செலவு? துணி, மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம், ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியிடம் வாங்கிய கடன், இவை எல்லாம் அந்தக் கணக்கில் எங்கே போயின?

குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்ய மனமில்லாதவர்களுக்கும் ஒரு "நிவாரணம்" இருந்தது: இந்தியாவுக்குத் திரும்பிப் போக இலவசப் பயணம். ஹட்டனில் ரயிலேறினால் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி. ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இங்கே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். 1934இல் நிலைமை தேறத் தொடங்கியதும், கடலுக்கு அந்தப் பக்கமிருந்து தோட்டங்களுக்கு மறுபடியும் ஆள் எடுத்தார்கள்.

[திரையில்: 1933 ஏப்ரல் 1]

இனி விலையைக் காப்பாற்றிய கதை. இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் மூன்றும் சேர்ந்து 1933இல் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் செய்தன. ஏற்றுமதியை முதல் வருடம் 85 வீதமாகக் குறைப்பது, புதுக் கன்று நடுவதை ஏறக்குறைய நிறுத்திவைப்பது என்று முடிவு. ஒப்பந்தம் வேலை செய்தது, விலை நிமிர்ந்தது. ஆனால் குறைத்து ஏற்றுமதி செய்ய, குறைத்துப் பறிக்க வேண்டும். கொழுந்து குறைந்தால் கைக்கு வேலை குறையும்.

அதே வருடம் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசாங்கம் செய்ததும் இதே போன்ற வேலைதான். விளைச்சலைக் குறைத்தால் பணம் தருகிறோம் என்று விவசாயிகளிடம் சொன்னது. பருத்தி விலை ஏறியது. பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரனுக்குப் போனது. விளைச்சலில் பங்கு கொடுத்து அந்த நிலத்தில் பயிரிட்டவர்கள் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1935இல் வந்த புகழ்பெற்ற சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் வயலில் கூலி வேலை செய்தவனுக்கு இடமில்லை.

நம்ம பக்கம் குரல் கொடுக்க ஆளே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த அரசாங்க சபையில் முதல் தொழில் அமைச்சராக இருந்தவர் ஹட்டன் உறுப்பினர் பெரி. சுந்தரம். விபத்தில் கை கால் போனால் நட்டஈடு என்ற உரிமை 1934இல் அவர் காலத்தில்தான் சட்டமானது. ஆனால் நிதிப் பொறுப்பு அமைச்சர்கள் கையில் இல்லை, பிரித்தானிய அதிகாரியிடம் இருந்தது. சபைக்கு வெளியே, கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடி நிலைமையை விளங்கவைத்தார். எழுத்துத் தெரியாத சனத்துக்கு அந்தப் பாட்டுகள்தான் பத்திரிகை. இவர்களைப் பற்றி நம்ம பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இன்னும் நிறையச் சொல்லித்தர வேண்டும்.

[திரையில்: 2022]

இப்போது 90 வருடம் தாண்டி, 2022இன் இலங்கைப் பொருளாதார நெருக்கடிக்கு வருவோம். டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. தேயிலை டொலருக்கு விற்கிற பொருள். அதனால் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோவின் சராசரி விலை முந்தின வருடத்தைவிட ஏறக்குறைய இரட்டிப்பானது. செலவும் ஏறியது, உரத்தடையால் விளைச்சல் விழுந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபாயிலேயே நின்றது. நிர்ணயித்த கிலோ பறிக்க முடியாத நாளில் அரைப் பேர், அதாவது பாதி நாட்சம்பளம். 1930களைப் போல இந்த முறை யாரும் சம்பளத்தை வெட்டவில்லை. வெட்டத் தேவையும் இருக்கவில்லை, சாமான் விலையே அந்த வேலையைச் செய்துவிட்டது.

நிவாரணமாக 2023 ஜூலையில் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத் திட்டம் வந்தது. வறிய குடும்பம் என்று தெரிவானால் அப்போது மாதம் 8,500 ரூபாய். அது பலருக்கு அடுப்பெரிய உதவியது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில்தான் நாட்சம்பளம் 1,350 ஆனது. கூடியது 350. மாதம் 25 நாள் வேலை என்றால் 8,750 ரூபாய். ஒரு குடும்பத்துக்கே கொடுத்த நிவாரணத்தைவிட அது கூட. அதுவும் ஒரேயொரு ஆளின் உழைப்புக்கு.