கற்பிக்கும் செவிலியர்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் காலை நேரத்தில் பனகல் சாலைப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். சீருடையில் செவிலிய மாணவிகள் கூட்டமாக வார்டுக்குப் போவார்கள். கூடவே சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் போவார். அவர் டியூட்டர் என்னும் பயிற்சி ஆசிரியர், அல்லது பேராசிரியர். அவருடைய வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மேடம், நைட் டியூட்டி பார்த்து உடம்பு ஓய்ந்துவிட்டது. டீச்சிங் பக்கம் வந்துவிடலாமா?" தாராளமாக வரலாம். குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவுப் பணி பார்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் வார்டை மறந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். வார்டில் நின்ற ஆண்டுகள்தான் உங்கள் முதலீடு.

வழி இதுதான். செவிலியர் டிப்ளமோ முடித்தவர்கள் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துப் பட்டதாரி ஆகலாம். நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. படித்தவர்களுக்கு அது தேவையில்லை. அதன்பின் எம்.எஸ்ஸி. இரண்டு ஆண்டு. குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம், மருத்துவம்–அறுவை சிகிச்சை என்று ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்.எஸ்ஸி.யில் சேரவே ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. வார்டைப் பார்க்காதவர் வார்டைக் கற்றுத்தர முடியாது என்பதால்தான் அந்த விதி. கல்லூரிக்குள் டியூட்டர், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், துணை முதல்வர், முதல்வர் என்று படிகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், டிப்ளமோ படித்தவர். நான் மாணவிகளைக் கூட்டிப்போகும் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஒருநாள் மேலூர்ப் பாட்டி ஒருவருக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அரை லிட்டர், எட்டு மணி நேரத்தில் போக வேண்டும். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கடிகாரத்தைப் பிடித்தபடி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். கணக்குச் சரிதான். இந்தச் சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "பாப்பா, பாட்டிலைப் பார்த்தது போதும். பாட்டி கையைத் தொட்டுப் பார்" என்றார். ஊசி குத்திய இடத்துக்கு மேலே தோல் விறைத்து, சில்லென்று இருந்தது. மருந்து ரத்தக் குழாய்க்குள் போகாமல் சதையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நேயர்களே, அந்தச் சிஸ்டர் நினைத்திருந்தால் தானே ஒரு நொடியில் டிரிப்பை நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கை மட்டும் டிரிப் குழாயை மூடும் கிளாம்ப் பக்கத்தில் தயாராக இருந்தது. மாணவி ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளே கிளாம்பை மூடினாள், ஊசியை எடுத்தாள், பாட்டியின் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தாள். "வலிக்குதா என்று பாட்டியிடம் கேட்டாயா?" என்பது சிஸ்டரின் அடுத்த கேள்வி.

வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, அந்தப் பாடம் அங்கேதான் அவளுக்குள் இறங்கியது. நான் அன்றே அந்தச் சிஸ்டரிடம், "நீங்கள் போஸ்ட் பேசிக் விண்ணப்பம் போடுங்கள்" என்றேன். வீட்டில் தயக்கம், வயதாகிவிட்டதே என்ற கூச்சம், எல்லாம் இருந்தது. படித்தார். எம்.எஸ்ஸி.யும் முடித்தார். இப்போது அவர் பேராசிரியர். இன்றும் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார் என்று அவருடைய மாணவிகள் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் கண்டு படிக்க அனுப்புவது மூத்தவர்களாகிய நம் கடமை.

வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சிலின் கணக்கு. ஆண்டுக்கு நூறு பேர் சேரும் கல்லூரியில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 400 பேர், அப்படியானால் 40 ஆசிரியர்கள். 2023-இல் மத்திய அரசு நாடு முழுவதும் 157 புதிய செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள். சம்பளம் எல்லா இடத்திலும் நன்றாக இருப்பதாகச் சொல்ல மாட்டேன். சில தனியார் கல்லூரிகளில் தொடக்கச் சம்பளம் பெரிய மருத்துவமனைச் சம்பளத்தைவிடக் குறைவு. அனுபவமுள்ள ஆசிரியரைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருப்பது மாணவிகளுக்குச் செய்யும் அநியாயம். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன். சேருமுன் சம்பளத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆராய்ச்சிப் படிப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. பெரிய மருத்துவமனைகளில் புதிய செவிலியருக்குப் பயிற்சி தரும் பணி இருக்கிறது, மகப்பேறு செவிலியருக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களும் தேவைப்படுகிறார்கள். இவற்றையும் விசாரியுங்கள். தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் புதுப்பித்து வையுங்கள், பணிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான். நன்றி, வணக்கம்.