கார்பன் கணக்கு பென்சில்லயே முடிஞ்சிடுது

வணக்கம். பேச கூப்பிட்ட வானொலி நிலையத்தாருக்கு நன்றி. நான் கட்டடம் வரையற ஆளு, பேச்சாளர் கிடையாது, அதனால ஆபீஸ்ல டிராயிங்க விரிச்சு வச்சுக்கிட்டு பேசற மாதிரியே பேசறேன், அங்கங்க சுத்தி வளைச்சு போனா பொறுத்துக்கங்க.

கட்டடத்தால வர்ற கார்பன எப்படி குறைக்கறதுன்னு பேச சொன்னாங்க. இந்தப் பேச்ச எடுத்தாலே எல்லாருக்கும் உடனே ஞாபகம் வர்றது மொட்டை மாடில சோலார் பேனல், எல்ஈடி பல்பு, கரண்ட் கம்மியா இழுக்கற ஏசி, இதுங்கதான். தப்பில்ல, வைக்கட்டும். ஆனா அதெல்லாம் கட்டி முடிச்சதும் வாங்கி மாட்டற சாமான். அதுக்கு ரொம்ப முன்னாடி, பிளான் போடற மொத சில வாரத்துலயே, கட்டடம் எந்தப் பக்கம் பாக்கணும், தூணுக்கு தூண் எவ்வளவு தூரம், கண்ணாடி எவ்வளவு, கீழ எத்தனை பேஸ்மென்ட், இதெல்லாம் முடிவாகும்போதே கார்பன் கணக்குல பெரும்பகுதி முடிஞ்சு போயிடுது, அதுக்கப்புறம் யாரு வந்து எந்த மெஷின மாட்டினாலும் ஓரத்துல கொஞ்சம் சுரண்டலாம், அவ்வளவுதான். இதத்தான் இன்னைக்கு சொல்ல வந்தேன்.

உலகத்துல எனர்ஜி எரிக்கறதாலயும் தொழிற்சாலைல நடக்கற ரசாயன மாற்றத்தாலயும் வெளிய வர்ற கார்பன் டை ஆக்ஸைடுல மூணுல ஒரு பங்குக்கு மேல கட்டடத்தோடயும் கட்டுமானத்தோடயும் சேர்ந்ததுன்னு ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு சொல்லுது. இது ரெண்டு விதமா வருது. ஒண்ணு, ஆளுங்க குடியேறின பிறகு விளக்கு, ஏசி, ஹீட்டர், லிஃப்ட்டுன்னு வருஷா வருஷம் ஆகறது. இன்னொண்ணு சிமெண்ட், கம்பி, கண்ணாடி, அலுமினியம்னு பொருள் செய்யறப்பவே, ஒருத்தர் கூட உள்ள காலடி வைக்கறதுக்கு முன்னாடியே மேல போயிட்டது. மொதல் வகை பிற்பாடு குறைய வழி இருக்கு, கரண்ட் தயாரிப்பு காத்துக்கும் வெயிலுக்கும் மாறினா தன்னால குறையும். ரெண்டாவது போனது போனதுதான், திரும்பி வராது.

சிமெண்ட எடுத்துக்கங்க. சுண்ணாம்புக் கல்ல சூளைல சுடறாங்க, உள்ள 1450 டிகிரி வரைக்கும் சூடு போகுது, அதுக்கு எரிக்கற நிலக்கரிதான் பிரச்சினைன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. எரிபொருள் பங்கு பாதி கூட இல்ல. அந்தக் கல்லே கார்பன உள்ள பிடிச்சு வச்சிருக்கற கல்லு, 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்ல சுட்டா 44 கிலோ கார்பன் டை ஆக்ஸைடா பறந்துடும், 56 கிலோதான் சூளைல மிஞ்சும். சூளைய சூரிய சக்தில ஓட்டினாலும் இந்த 44 கிலோ போயே தீரும். அதனால சிமெண்ட்ல கிளிங்கர், அதாவது சூளைல சுட்டு எடுக்கற அந்தக் கட்டி, அதோட அளவ குறைக்கறதுதான் வழி. இரும்பு ஆலைக் கசடான ஸ்லாக், அனல் மின் நிலைய சாம்பல் சேர்க்கறது பழைய முறை. இப்ப எல்சி3ன்னு ஒரு சிமெண்ட் வந்திருக்கு, சுவிட்சர்லாந்து லோசான்ல கேரன் ஸ்க்ரிவனரோட குழு கியூபா, இந்தியா ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து உருவாக்கினது, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக் கல்லும் கலந்து கிளிங்கர பாதியாக்கிட்டாங்க, களிமண்ணுக்கு 800 டிகிரி பக்கம் சூடு போதும், கார்பன் 40 சதவீதம் வரைக்கும் குறையும். நல்ல விஷயம், கிடைக்கற இடத்துல வாங்குங்க. ஆனா வரையற ஆளுக்கு அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. இவ்வளவு கான்கிரீட் எதுக்கு?

பல மாடிக் கட்டடத்துல கான்கிரீட் எங்க போகுதுன்னு அளவெடுத்துப் பாத்தா பெரும்பாலும் ஸ்லாப்லதான், அதாவது மாடித் தளத்துலதான் போகுது. ஸ்லாப் எவ்வளவு தடிமன்ங்கறத முடிவு பண்றது தூணுக்கு தூண் இருக்கற இடைவெளி, அதத்தான் ஸ்பான்னு சொல்றோம். ஒரு சின்ன கணக்கு சொல்றேன், காதால கேட்டாலே பிடிபடும். ரெண்டு முனைலயும் தாங்கி நிக்கற பீம் மேல எடை சீரா இருந்தா, அத வளைக்கற விசை ஸ்பானோட ஸ்கொயர்ல ஏறும். 6 மீட்டர 9 மீட்டர் ஆக்கினா ஒண்ணரை மடங்குதானேன்னு தோணும், ஆனா வளைக்கற விசை ரெண்டேகால் மடங்கு ஆயிடுது. பீம் நடுவுல தொய்யறது அத விட மோசம், பீம் அளவ மாத்தாம விட்டா அஞ்சு மடங்கு தொய்யும். அத தாங்கணும்னு ஸ்லாப்ப தடிமனாக்கறோம், தடிமனான ஸ்லாப்போட சொந்த எடையே கூடுது, அந்த எடைக்கு கம்பி கூடுது, தூண் பெருக்குது, கடைசில அஸ்திவாரமும் பெருக்குது. இத்தனையும் எதுக்குன்னு கேட்டா ஹால் நடுவுல தூண் தெரியக்கூடாதாம். ஆபீஸ்ல யாரும் 9 மீட்டர் ஓடிப் பிடிச்சு விளையாடறதில்ல, நடுவுல தூண் நின்னா அது மேல ஒரு அலமாரிய சாத்திட்டு வேலைய பாப்பாங்க. இன்னொரு வியாதி, மேல் மாடித் தூண் கீழ் மாடித் தூண் மேல உட்காராம தள்ளி நிக்கறது. கீழ பெருசா வாசல் வேணும், மேல ரூம் வேற மாதிரி வேணும், ரெண்டையும் சமாளிக்க நடுவுல ராட்சச பீம் ஒண்ணு. பிளான்ல தூண ஒரு தடவ நேர் பண்ணி வரைஞ்சா அந்த பீமே தேவப்படாது, செலவும் மிச்சம், ஆனா அதுக்கு ஆர்க்கிடெக்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் மொத நாளே ஒண்ணா உட்காரணும், பல இடத்துல எலிவேஷன் படத்துக்கு, அதாவது கட்டடம் வெளில எப்படி தெரியும்னு காட்டற படத்துக்கு ஓகே வாங்கின பிறகுதான் இன்ஜினியர கூப்பிடறாங்க, அப்புறம் அவர் என்ன பண்ணுவார், கம்பிய ஏத்துவார்.

அடுத்தது வெயில். சூரியன் எந்த நாள் எந்த நேரத்துல எங்க நிக்கும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், இத விட நம்பிக்கையான தகவல் எங்களுக்கு வேற எதுவும் கிடைக்கறதில்ல, அப்படியும் நாலு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல் வரையறோம். 60 சென்டிமீட்டர் நீட்டின சன்ஷேட், கீழ 120 சென்டிமீட்டர் உயர ஜன்னல்னு வச்சுக்கங்க. சூரியன் எதிர்க்க 60 டிகிரி உயரத்துல நின்னா நிழல் 104 சென்டிமீட்டர் இறங்கும், ஜன்னல் ஏறக்குறைய முழுசும் நிழல்ல இருக்கும். அதே சூரியன் சாயங்காலம் 30 டிகிரிக்கு இறங்கிட்டா நிழல் 35 சென்டிமீட்டர்தான், மிச்ச வெயில் நேரா உள்ள வந்து தரைல உட்காரும். அதனால மேக்குப் பக்கத்துக்கு படுக்கை சன்ஷேட் போட்டு பிரயோஜனம் கம்மி, அங்க நிமிர்ந்து நிக்கற தடுப்பு வேணும், இல்ல ஜன்னலையே சின்னதாக்கணும், இல்ல மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம அந்தப் பக்கம் தள்ளி வெயில அதுங்க வாங்கிக்கட்டும்னு விடணும். கட்டடத்தோட நீளத்த கிழக்கு மேக்கா போட்டா பெரிய சுவர் ரெண்டும் தெக்கயும் வடக்கயும் பாக்கும், அதுல உச்சி வெயில் விழற பக்கத்த சாதாரண சன்ஷேடே சமாளிச்சிடும். பூமத்திய ரேகைக்கு வடக்க இருந்தா பொதுவா அது தெக்குப் பக்கம், தெக்க இருந்தா வடக்குப் பக்கம். குளிர் நாட்டுலயும் இதே விதிதான், அங்க தாழ்வான குளிர்கால வெயில உள்ள விடறதுக்கு, இங்கிட்டு சூட்டு நாட்டுல வெளிய நிறுத்தறதுக்கு.

கண்ணாடி பத்தி எனக்கு கொஞ்சம் கோபமே உண்டு. ஒத்தைக் கண்ணாடி வழியா சூடு கடத்தறது, சூட்ட தடுக்கற இன்சுலேஷன நல்லா போட்ட சுவத்த விட பத்து மடங்குக்கு மேல. தரைலேர்ந்து சீலிங் வரைக்கும் கண்ணாடி போட்டுட்டு, வெயில் கண்ணக் கூசுதுன்னு உள்ள திரைய இழுத்து விட்டுட்டு, பகல்லயே லைட்ட போட்டு உட்கார்ந்திருக்கற ஆபீஸ நீங்களும் பாத்திருப்பீங்க. திரை உள்ளப் பக்கம் இருந்தா சூடு ஏற்கனவே உள்ள வந்தாச்சு, வெயில நிறுத்தணும்னா கண்ணாடிக்கு வெளிலயே நிறுத்தணும். லண்டன்ல ஃபென்சர்ச் தெரு 20ம் நம்பர் கட்டடம், வாக்கி டாக்கின்னு கூப்பிடுவாங்க, உட்குழிஞ்ச கண்ணாடி முகம், 2013ல அது வெயில குவிச்சு தெருவுல நின்ன கார் ஒண்ணோட பாகங்கள உருக்கிடுச்சு. பிற்பாடு வெளிப்பக்கம் தடுப்பு தகடுங்கள கொண்டு வந்து வரிசையா மாட்டினாங்க. மொதல்லயே மாட்டியிருக்க வேண்டிய தகடு.

ஏசி இல்லாம பெரிய கட்டடம் முடியுமான்னு கேப்பாங்க. ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேல ஈஸ்ட்கேட் சென்டர்னு ஒண்ணு, 1996ல திறந்தது, மிக் பியர்ஸ் வரைஞ்சது. கடையும் ஆபீஸும் இருக்கற பெரிய கட்டடம், கனமான கான்கிரீட்டும் செங்கலும், ராத்திரி குளிர்ந்த காத்த ஃபேன் வச்சு தரைக்கு அடில ஓட விட்டு கட்டடத்தோட உடம்பையே குளிர வச்சிடறாங்க, பகல்ல அந்த உடம்பு சூட்ட வாங்கிக்குது. கரையான் புத்தப் பாத்து பண்ணதுன்னு பிரபலமாச்சு. புத்து அப்படியெல்லாம் வேலை செய்யலன்னு பிற்பாடு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்லிட்டாங்க, கட்டடம் மட்டும் அது பாட்டுக்கு வேலை செய்யுது. ஆனா ஒண்ணு, ஹராரே கடல் மட்டத்துலேர்ந்து 1500 மீட்டர் கிட்ட உயரம், ராத்திரி நல்லா குளிரும். ராத்திரியும் புழுங்கற ஈரமான ஊர்ல இத காப்பியடிச்சா ஏமாந்துதான் போவோம், அங்க கனத்த விட நிழலும் காத்தோட்டமும்தான் பேசும். அதுக்கு நேர் எதிர் கோடில, ஜெர்மனி டார்ம்ஸ்டாட்ல 1991ல கட்டின பாஸிவ் ஹவுஸ், குளிர் ஊர்ல சூட்ட உள்ளயே பிடிச்சு வைக்கற வீடு, தடிமனான இன்சுலேஷன், காத்து கசியாத ஜன்னல், வெளிய போற காத்தோட சூட்ட உள்ள வர்ற காத்துக்கு மாத்தி விடற கருவி. வீட்ட சூடாக்கறத ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 15 யூனிட், அதாவது 15 கிலோவாட் அவர் வெப்பத்துக்குள்ள முடிக்கணும்ங்கற விதி அங்கேர்ந்துதான் கிளம்புச்சு.

இவ்வளவும் புதுசா கட்டறவங்களுக்கு. கட்டறதா வேணாமாங்கறதே டிசைன் முடிவுதான், இத எங்க ஆளுங்க பல பேர் ஒத்துக்க மாட்டாங்க, ஏன்னா இடிச்சு கட்டினாத்தான் எங்களுக்கு ஃபீஸ் பெருசு. நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931ல முடிஞ்சது. சுமார் 80 வருஷம் கழிச்சு அத சரி பண்ணப்போ 6,514 ஜன்னலையும் தூக்கிப் போடல. இருந்த கண்ணாடிய கழட்டி, அதே கட்டடத்துக்குள்ள ஒரு மாடில பட்டறை போட்டு, சுத்தம் பண்ணி, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு ஃபிலிமும் வாயுவும் வச்சு அடைச்சு திரும்ப மாட்டினாங்க. ரூம சூடாக்கற ரேடியேட்டருக்குப் பின்னாடி சூட்ட ரூம் பக்கமே திருப்பி விடற தகடு வச்சாங்க. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, இப்படி வெளிக்கூட்ட மொதல்ல சரி பண்ணதால குளிரூட்டற தேவை குறைஞ்சு, கட்டடத்த குளிரூட்டற பெரிய மெஷினான பழைய சில்லர தூக்கிட்டு பெருசா புதுசு வாங்கற செலவே இல்லாம போச்சு, இருந்ததையே புதுப்பிச்சாங்க. எனர்ஜி செலவ 38 சதவீதம் குறைக்கறது திட்டம். வரிசைய மாத்தி மொதல்ல சில்லர வாங்கியிருந்தா எல்லாம் போச்சு.

ஃபிரான்ஸ் போர்தோல லகாத்தோன், வாஸால்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட் இன்னும் ஒரு படி மேல. 1960கள்ல கட்டின மூணு பிளாக், 530 வீடு, குடியிருந்தவங்கள காலி பண்ணாமயே ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கம் கண்ணாடி வராந்தாவும் பால்கனியும் ஒட்ட வச்சாங்க, வீடும் பெருசாச்சு, குளிரும் நேரா சுவத்துல மோதாம நின்னுச்சு. 2021ல ஆர்க்கிடெக்டுங்களுக்கு கொடுக்கற பெரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு இவங்களுக்கு கிடைச்சது, இடிக்காம விட்டதுக்கு பரிசுன்னே சொல்லலாம்.

கான்கிரீட்டுக்கு பதிலா மரத்துல மாடி கட்டறதப் பத்தியும் கேப்பாங்க. நார்வேல 85 மீட்டர் உயரத்துக்கு 2019லயே முடிச்சுட்டாங்க. நல்லதுதான், ஆனா வெட்டின காட்ட திரும்ப வளக்கறாங்களாங்கறத பாக்காம கணக்கு எழுதினா அது பொய்க் கணக்கு. ஏசி கேஸையும் மறந்துடாதீங்க, ஏசில போடற ஆர்410ஏங்கற கேஸ் ஒரு கிலோ கசிஞ்சா ரெண்டு டன் கார்பன் டை ஆக்ஸைடு விட்ட மாதிரி.

நேரம் முடியப் போகுதுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. கட்டப் போறவங்க ஒண்ணு பண்ணுங்க. ஆர்க்கிடெக்ட் எஸ்டிமேட் கொடுப்பார் இல்லையா, அதுல ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை கிலோ கம்பின்னு ரெண்டு வரி சேத்து எழுதச் சொல்லுங்க, எலிவேஷன் படத்துக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க. அப்புறம் தூண் இடைவெளிய ஒரு மீட்டர் குறைச்சு அதே ரெண்டு வரிய இன்னொரு தடவ போட்டுத் தரச் சொல்லுங்க. இன்ஜினியருக்கு அது அரை நாள் வேலை. நன்றி, வணக்கம்.