ஒரு நாளைக்கு ஒரு மெழுகுவர்த்தி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவ வீடுகளில் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. தைக்கக் கொடுத்த துணி எப்போது வரும் என்று தெரியாது. அச்சுமுறுக்குக்கு மாவு, கேக்குக்குப் பழம் ஊறவைக்கிற வேலை, மழை விட்டால் சுவருக்கு வெள்ளையடிப்பு. இரவு நேரங்கழித்து கேரல் குழு டிரம்மோடு வந்து நிற்கும். கடைகளிலோ நவம்பரிலேயே பண்டிகை தொடங்கிவிடுகிறது. கடைசியில் 25ஆம் தேதி வரும்போது நமக்குத் தூக்கம்தான் வருகிறது.

திருச்சபை இந்த நாட்களுக்கு வகுத்த ஒழுங்கு இதற்கு நேர் எதிரானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக்காலம். கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவர் ஊதா உடை அணிவார். ஞாயிறு திருப்பலியில் வழக்கமாகப் பாடும் ‘வானவர் கீதம்’ நிறுத்திவைக்கப்படும். பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடிய பாட்டு அது. அந்த இரவு வருவதற்குள் நாம் ஏன் பாட வேண்டும்? பல ஊர்களில் குடில் கட்டி, ஆடு மாடு, சூசை, மரியா எல்லாரையும் வைத்த பிறகும் தீவனத் தொட்டியை மட்டும் 24ஆம் தேதி இரவுவரை காலியாக விடுவார்கள். இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். வரவேண்டியவருக்கு இடம் இருக்கிறதல்லவா?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விகெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் நான்கையும் பொருத்தினார். தினமும் ஒன்று ஏற்ற வேண்டும். இன்று கோயில்களில் பார்க்கிற நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வந்ததுதான். நாளைக்கானதை இன்றைக்கே ஏற்ற முடியாது என்பது பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்த்தே புரிந்திருக்கும். பெரியவர்களுக்குத்தான் அது புரிவது கஷ்டம்.

அப்புறம், லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு வீடு வருகிறது. பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் சொன்னதை நம்பாததால் வயதான குரு செக்கரியா பேச்சிழந்து வீடு திரும்புகிறார். அவர் மனைவி எலிசபெத்து கருவுற்று ஐந்து மாதம் வெளியே தலைகாட்டவில்லை. ஆறாவது மாதத்தில், இயேசுவைப் பெற்றெடுப்பாய் என்ற செய்தியை வானதூதர் கபிரியேலிடம் கேட்ட மரியா, மலைநாட்டுக்கு விரைந்துபோய் ஏறக்குறைய மூன்று மாதம் அவர்களோடு தங்குகிறார். பேச முடியாத பெரியவர் ஒருவர், பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்கள் இருவர். அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று லூக்கா ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்திருப்பார்கள், அப்பம் சுட்டிருப்பார்கள். அந்த வீட்டின் அமைதி வேலையில்லாத அமைதி அல்ல. அதை யாரும் விரும்பித் தேடிப் போகவும் இல்லை. ஆனாலும் ஒருவருக்கொருவர் துணை இருந்தது.

துணை என்று சொல்லும்போது 2017 நினைவுக்கு வருகிறது. நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. டிசம்பர் 3 அந்த ஆண்டின் முதல் திருவருகை ஞாயிறு. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் அப்போது பெண்கள் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. அவர்களிடம் போய் மன அமைதியைப் பற்றி உரை நிகழ்த்த எனக்கு வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். மரியா செய்ததும் ஏறக்குறைய அதுதானே?

அதனால் கேக், துணி, கேரல் எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வீட்டிலிருப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்கள் தெருவில் பிரசவத்துக்கோ, மருத்துவமனை முடிவுக்கோ, வெளிநாட்டுப் பிள்ளையின் லீவுக்கோ காத்திருப்பவர்கள் இருப்பார்கள். முறுக்கு கொண்டுபோகும்போது வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பாமல் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருங்கள்.

மெழுகுவர்த்தியை இன்றைக்கே ஏற்றிப் பார்க்க நினைத்தால், இந்த உரை முடிந்ததும் ஐந்து நிமிடம் வானொலியை அணைத்துவிடலாம். நிலையத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நன்றி, வணக்கம்.